நெல்லும் அரிசியும் சோறும்: ஒளிப்படக் கோப்புகளைத் தரம் குன்றாது மாற்றுதல்

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனை வெறும் நகைச்சுவை என்று கொள்ளுதல் ஆகாது. பனையோலை நம் நாட்டு வெப்பத்தையும் ஈரத்தையும் கறையானையும் தாங்கி நெடுங்காலம் நிற்பதன்று. எனவே, ஓர் ஏடு சிதையத் தொடங்குமுன் அதனை வேறோர் ஏட்டில் பெயர்த்தெழுதுவது பண்டை வழக்கம். எழுதுவோன் ஓரெழுத்தை விட்டால், அடுத்த தலைமுறையில் பெயர்த்தெழுதுவோனுக்கு அந்த எழுத்து கிடையாது. அவன் தன் பங்குக்கு மற்றொன்றை விடுவான். இவ்வாறு படிதோறும் பிழை வளர்ந்தது. பிழை செய்தவனுக்கே தான் பிழை செய்தது தெரியாது என்பதுதான் இதில் வருந்தத்தக்க செய்தி.

இன்று ஏடும் எழுத்தாணியும் போய், ஒளிப்படக் கருவியும் கணிப்பொறியும் வந்துள்ளன. ஆயினும் அந்தப் பழமொழி பொய்த்துவிடவில்லை. ஒரு வடிவத்தில் உள்ள படக்கோப்பை மற்றொரு வடிவத்திற்கு மாற்றும்போதும், அறியாதவன் கையில் சில செய்திகள் உதிர்ந்துவிடுகின்றன. உதிர்ந்தது கண்ணுக்கு உடனே தெரிவதில்லை. பத்து ஆண்டு கழித்து ஒரு கல்வெட்டின் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முயலும்போதுதான் தெரிகிறது. அப்போது கல்லே இல்லாது போயிருக்கவும் கூடும். ஆதலின், தரம் குன்றாமல் கோப்பை மாற்றுவது எங்ஙனம் என்பதை இன்று ஆராய்வோம்.

முதற்கண், இது நமக்கு எவ்வகையில் உரிய செய்தி என்று சிலர் வினவலாம். புதுச்சேரியில் 1955-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தோன்றியது. வடமொழி அறிஞர் ழான் ஃபிலியோசா அதன் நிறுவனர். அடுத்த ஆண்டாகிய 1956 முதற்கொண்டு, தென்னாட்டுக் கோயில்களையும் சிற்பங்களையும் ஊர் ஊராகச் சென்று ஒளிப்படம் எடுத்துச் சேர்க்கும் பணி அங்கு நடைபெற்றது. இன்று அங்குள்ள படங்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவை. அப்படங்களுள் உள்ள சிலைகள் சில, பின்னர்த் தம் கோயிலினின்றும் களவுபோயின. களவுபோன சிலை அயல்நாட்டில் தென்பட்டபோது, இஃது இன்ன ஊர்க் கோயிலுக்கு உரியது என்று மெய்ப்பிக்க அந்தப் பழைய படமே சான்றாக நின்றதுண்டு. சான்றாக நிற்கும் படத்திற்கு முகத்தின் சாயல் மட்டும் போதாது. கையில் உள்ள சிறு பின்னமும், பீடத்தின் ஓரத்துக் கீறலும் தெளிவாகத் தெரிதல் வேண்டும். தரம் என்பது அழகுக்காக மட்டும் அன்று, உண்மைக்காகவும் வேண்டப்படுகிறது என்பது இதனால் விளங்கும்.

அந்நிறுவனமும், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியும் பேணிவரும் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ அமைப்பு 2005-இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. சுவடிகளையும் பழைய படச்சுருள்களையும் பேணுவோர் இன்று அவற்றை எண்முறைப் படங்களாக்கி வருகின்றனர். அவ்வாறு ஆக்கும்போது எழும் முதல் வினா, எந்த வடிவத்தில் சேமிப்பது என்பதே. சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள செல்லிப்பட்டில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்டு வெள்ளத்தால் சிதைவுற்ற படுகை அணையைப் படம் எடுத்து வைக்க விரும்பும் மாணவனுக்கும் அதே வினாதான் எழும். நிறுவனம் பெரிது, மாணவன் சிறியவன். ஆனால் இருவரும் நடத்தவேண்டிய முறை ஒன்றே.

இனி, ஒளிப்படக் கருவியின் உள்ளே நடப்பதைக் காண்போம். பழைய கருவியில் படச்சுருள் இருந்த இடத்தில் இன்று உணரி என்னும் தகடு உள்ளது. இருபத்து நான்கு மெகாபிக்சல் கருவி என்றால், அத்தகட்டில் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் ஒளியுணர் அறைகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன என்பது பொருள். ஒவ்வோர் அறையும் தன்மேல் விழுந்த ஒளி எவ்வளவு என்று ஓர் எண்ணால் குறிக்கிறது. அதற்கு நிறம் தெரியாது. ஒளியின் மிகுதியும் குறைவும் மட்டுமே தெரியும். ஆகையால் ஒவ்வோர் அறையின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிற வடிகட்டி வைக்கப்பட்டுள்ளது. பாதி அறைகளுக்குப் பச்சை, கால்பகுதிக்குச் சிவப்பு, கால்பகுதிக்கு நீலம் என்னும் இவ்வமைப்பை ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்து அறிஞர் பிரைஸ் பேயர் வகுத்தார். அதற்கு 1976-இல் காப்புரிமை கிடைத்தது. நம் கண் பச்சை ஒளியில் நுணுக்கத்தை மிகுதியாகக் காணும் என்பதனாலேயே பச்சைக்கு இரு பங்கு கொடுத்தார்.

இந்த எண்களை யாதொரு சமையலும் செய்யாமல் அப்படியே எழுதிவைக்கும் கோப்பே ரா கோப்பு எனப்படுவது. நாம் அதனை மூலக்கோப்பு என்று வழங்குவோம். அது படமே அன்று. படமாக்கத்தக்க அளவுகளின் தொகுப்பு. விடுபட்ட இரு நிறங்களையும் அண்டை அறைகளைக் கொண்டு கணித்து நிரப்பி, பகல் ஒளியா விளக்கொளியா என்று பார்த்து வெண்மையைச் சரிசெய்து, பொலிவைத் திருத்திய பின்னரே அது படமாகிறது.

வில்லியனூரும் பாகூரும் நெல் விளையும் மண். ஆகையால் உங்களுக்கு எளிதில் விளங்கும் ஓர் உவமை சொல்வேன். மூலக்கோப்பு நெல் போன்றது. உமி நீக்கித் தீட்டிய அரிசி போன்றது டிஃப் என்னும் கோப்பு. இதனை ஆல்டஸ் நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. உலையிலிட்டு வடித்த சோறு போன்றது ஜேபெக் என்னும் கோப்பு. இதற்குரிய பன்னாட்டு நெறி 1992-இல் உருவாயிற்று. பசித்தவனுக்கு நெல்லைக் கொடுத்தால் பயனில்லை, சோறுதான் வேண்டும். ஆனால் அடுத்த போகத்திற்கு விதைக்கச் சோறு உதவுமா? நெல்லை அரிசியாக்கலாம், அரிசியைச் சோறாக்கலாம். சோற்றை அரிசியாக்கவோ அரிசியை நெல்லாக்கவோ எவராலும் இயலாது. கோப்பு மாற்றத்தின் முதல் விதி இதுவே: பாதை ஒருவழிப் பாதை.

இழப்பு எவ்விடத்தில் நேருகிறது என்பதைக் கணக்கால் காண்போம். மூலக்கோப்பில் ஓர் அறையின் ஒளியளவு பெரும்பாலும் 14 பிட் அளவில் எழுதப்படும். இரண்டைப் பதினான்கு முறை பெருக்கினால் 16,384. அதாவது, கரிய இருளுக்கும் முழு வெண்மைக்கும் இடையே அத்தனை படிகள். ஜேபெக் கோப்பிலோ ஒரு நிறத்திற்கு 8 பிட். படிகள் 256 மட்டுமே. நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்திற்கு 256 படிகள் கண்ணுக்குப் போதும். ஆனால் கோயில் கருவறைச் சுவரின் இருண்ட மூலையில் உள்ள எழுத்தை வெளிக்கொணர இருளை உயர்த்திக் காண முற்பட்டால், சில படிகளே உள்ள இடம் திட்டுத்திட்டாகப் பிளந்து காணும். மூலக்கோப்பிலோ அவ்விருளுக்குள்ளும் படிகள் மிச்சம் இருக்கும்.

இரண்டாவது இழப்பு சுருக்கத்தினால் நேர்வது. சுருக்கம் இருவகைப்படும்: இழப்பற்ற சுருக்கம், இழப்புள்ள சுருக்கம். ஒரு வரிசையில் 812, 814, 813, 815 என்னும் நான்கு எண்கள் உள்ளன என்போம். அவற்றை 812, கூட்டல் 2, கழித்தல் 1, கூட்டல் 2 என்று எழுதினால் இடம் குறைகிறது. வேண்டும்போது கூட்டிக் கழித்தால் பழைய நான்கு எண்களும் ஒன்றும் குறையாமல் திரும்பி வரும். இஃது இழப்பற்றது.

இழப்புள்ள முறையோ வேறு. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டாக 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவாக மாறும் ஒளி, விரைவாக மாறும் ஒளி என்று அலைகளாகப் பகுக்கிறது. இந்தக் கணித முறையை 1974-இல் வெளியிட்ட மூவரும், நாம் பெருமிதம் கொள்ளத்தக்கவாறு, நம் நாட்டுப் பெயர் தாங்கியவர்கள்: பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, அவருடன் டி. நடராசன், கே. ஆர். ராவ். இப்பகுப்பில் குற்றமில்லை, இதனை மீட்டுப் பெறலாம். அடுத்த படியில்தான் செலவு நேர்கிறது. பகுத்த எண்ணை ஒரு வகுக்கும் எண்ணால் வகுத்து, முழு எண்ணாக்கி விடுகின்றனர். 37 என்னும் எண்ணைப் பத்தால் வகுத்தால் 3.7, முழு எண்ணாக்கினால் 4, மீட்டுப் பெருக்கினால் 40. 38-உம் 41-உம் 44-உம் இவ்வாறே 40 ஆகிவிடும். நாற்பதைக் கண்டவன், அது முன்னர் முப்பத்தேழாக இருந்ததா நாற்பத்து நான்காக இருந்ததா என்று எவ்வாறு அறிவான்? அறிய இயலாது. திருத்தித் திருத்தி மீண்டும் மீண்டும் ஜேபெக்காகச் சேமிக்குந்தோறும் இத்தகைய பிழை மேலும் சேர்கிறது. ஏட்டைப் பெயர்த்தெழுதியவன் கதையே இங்கும் நடக்கிறது.

இனி மாற்றத்தின் வகைகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, ஒரு மூலவடிவிலிருந்து மற்றொரு மூலவடிவிற்கு மாற்றுதல். கருவி செய்யும் நிறுவனங்கள் தத்தமக்கென்று தனி மூலவடிவம் வைத்துள்ளன. நிக்கானுக்கு என்.ஈ.எஃப்., கேனனுக்கு சி.ஆர்.3, சோனிக்கு ஏ.ஆர்.டபிள்யூ என அவை பல. இவற்றின் உள்ளமைப்பை நிறுவனங்கள் முழுமையாக வெளியிடுவதில்லை. நிறுவனம் அவ்வடிவத்தைக் கைவிட்டால் பிற்காலத்தில் அதனைத் திறப்பார் யார் என்னும் அச்சம் இதனால் எழுகிறது. இந்த அச்சம் வீணானதன்று. கோடக் நிறுவனம் 1992-இல் ஃபோட்டோ சி.டி. என்னும் வடிவத்தைக் கொணர்ந்து, பின்னர் அதனைக் கைவிட்டது. அதில் படம் சேர்த்தோர் இன்று அவற்றைத் திறக்க அரிதின் முயலவேண்டியுள்ளது. இந்தக் குறையை நீக்கும் பொருட்டு, எவரும் படித்தறியுமாறு இலக்கணம் வெளியிடப்பட்ட பொது மூலவடிவமாக டி.என்.ஜி. என்பதை அடோபி நிறுவனம் 2004 செப்டம்பரில் அறிமுகம் செய்தது.

நிறுவன மூலவடிவிலிருந்து டி.என்.ஜி.க்கு மாற்றுவது, ஒரு குதிரில் உள்ள நெல்லை மற்றொரு குதிருக்கு மாற்றுவது போன்றது. ஒழுங்காகச் செய்தால் ஒரு மணியும் குறையாது. ஏனெனில் உணரியின் எண்களே அப்படியே இடம் மாறுகின்றன. ஆயினும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. மாற்றும் செயலியில் இழப்புள்ள சுருக்கம் என்னும் தெரிவு இருக்கும். இடம் மிச்சமாகும் என்று எண்ணி அதனைத் தொடுதல் கூடாது. நேரியல் டி.என்.ஜி. என்னும் தெரிவும் உண்டு. அது நிறங்களை நிரப்பிய பின் எழுதுவது, அதாவது உமி நீக்கிய நெல். சேமிப்புக்கு அதுவும் வேண்டா. மூன்றாவதாக, கருவி நிறுவனம் தன் மறைக்குறிப்பாக எழுதி வைத்த சில செய்திகளை மற்றவர் செயலி முழுவதும் புரிந்துகொள்ளாமல் போகலாம். ஆகவே, டி.என்.ஜி. ஆக்கிய பின்னும் பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள். புதிய குதிரில் நெல் நிறைந்தது என்பதற்காகப் பழைய குதிரைக் கொளுத்துவார் உண்டோ?

இரண்டாவது, மூலக்கோப்பிலிருந்து டிஃப் ஆக்குதல். இதில் படம் உருப்பெற்றுவிடுகிறது. வெண்மையும் பொலிவும் முடிவு செய்யப்பட்டுவிடுகின்றன. எனினும் 16 பிட் அளவில் ஆக்கினால் படிகள் பெரும்பாலும் காக்கப்படும். சுருக்கமின்றியோ, எல்.இசட்.டபிள்யூ. போன்ற இழப்பற்ற சுருக்கத்துடனோ சேமிக்கலாம். நிறவெளிக் குறிப்பைக் கோப்பினுள் சேர்க்க மறத்தல் கூடாது. நிறவெளி என்பது எண்ணுக்கும் நிறத்துக்கும் உள்ள அகராதி. அகராதி இல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால், ஒரு திரையில் செங்கல் நிறமாகத் தோன்றுவது மற்றொரு திரையில் மங்கிய பழுப்பாகத் தோன்றும்.

இடம் எவ்வளவு தேவை என்பதை நீங்களே கணக்கிடலாம். 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள், புள்ளிக்கு 14 பிட் என்றால், எட்டால் வகுக்க, சுருக்காத மூலக்கோப்பு 42 மெகாபைட். டிஃப் கோப்பில் புள்ளிக்கு மூன்று நிறம், நிறத்திற்கு இரண்டு பைட். ஆக 144 மெகாபைட். அரிசியாக்கினால் அளவு குறையும். ஆனால் டிஃப் ஆக்கினால் அளவு பெருகுகிறது. உவமை எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதற்கு இதுவே சான்று. அளவு பெருகினும் செய்தி பெருகவில்லை என்பதை நினைவில் நிறுத்துங்கள்.

மூன்றாவது, ஜேபெக் ஆக்குதல். இது பகிர்வதற்கும் அச்சிடுவதற்கும் உரியது. இதனை இகழவேண்டியதில்லை, சோறின்றி வாழ்வார் யார்? ஆனால் ஒவ்வொரு முறையும் மூலக்கோப்பிலிருந்தோ டிஃப் கோப்பிலிருந்தோ புதிதாக வடித்துக்கொள்ள வேண்டும். பழைய ஜேபெக்கைத் திறந்து திருத்தி அதன்மேலேயே சேமித்தல் தகாது.

மாணவரிடையே உலவும் சில மயக்கங்களையும் இங்கே தெளிவித்தல் வேண்டும். கோப்பின் பெயர்க்கடையில் உள்ள எழுத்துகளை மாற்றிவிட்டால் வடிவம் மாறிவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். சாக்கின்மேல் நெல் என்று எழுதினால் உள்ளே உள்ள உமி நெல்லாகாது. ஜேபெக்கை டிஃப் ஆக்கினால் தரம் உயரும் என்பர் சிலர். இனி மேலும் குறையாது என்பது உண்மை; முன்னர்க் குறைந்தது திரும்பாது என்பதும் உண்மை. வாட்ஸ்அப் வழியே படத்தைப் படமாகவே அனுப்பிவிட்டுப் பெற்றவரிடம் அசல் இருக்கிறது என்று நம்புவோரும் உளர். அச்செயலி படத்தைச் சுருக்கியே அனுப்பும். ஆவணமாக இணைத்து அனுப்பினால்தான் கோப்பு உள்ளவாறே சேரும்.

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய நாளில் கணக்குத் தாளைப் பார்க்கும்போது மாணவரிடம் ஒன்றை வற்புறுத்துவதுண்டு. விடையை மட்டும் எழுதாதே, வழியையும் எழுது என்பதே அது. வழி இருந்தால் பிழையைக் கண்டு திருத்தலாம். விடை மட்டும் இருந்தால் அது சரியா தவறா என்று ஏற்கவோ தள்ளவோதான் இயலும். மூலக்கோப்பு வழியோடு கூடிய கணக்கு. ஜேபெக் விடை மட்டும். நாளை இன்னும் சிறந்த கணித முறை தோன்றினால், மூலக்கோப்பை வைத்திருப்பவன் இன்றைய படத்தையே நாளை இன்னும் தெளிவாக ஆக்கிக்கொள்வான்.

மாற்றியது சரியாக மாறியதா என்று சோதித்தல் இறுதிப் பணி. கோப்பைப் படியெடுக்கும்போது ஷா-256 போன்ற சரிபார்ப்பு எண்ணைக் கணித்து வையுங்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும். ஆதலின் படி உள்ளவாறே உள்ளதா என்பது நொடியில் தெரியும். வடிவம் மாற்றிய கோப்புக்கு இவ்வெண் வேறாகத்தான் வரும். அதற்காகத் திகைக்க வேண்டா. டி.என்.ஜி. கோப்பு தன் படத்தரவுக்கு உரிய சரிபார்ப்பு எண்ணைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ள வசதி உடையது. இதற்கும் மேலாக, மாற்றிய படத்தை முழு அளவில் திறந்து, மிக இருண்ட இடத்தையும் மிக வெளிறிய இடத்தையும் கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு மூன்று படிகள் எடுங்கள். அவை இருவகைச் சேமிப்புச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றேனும் வேற்றூரில் இருக்கட்டும்.

வேற்றூர் எதற்கு என்று கேட்பீர்களாயின், 2024 நவம்பர் 30-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்தது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை கொட்டியது. சங்கராபரணியில் வெள்ளம் பெருகியது. வீட்டுக்குள் நீர் புகும்போது, பரணில் இருக்கும் திருமணப் படமும் பெட்டிக்குள் இருக்கும் நிலப்பத்திரமும் மேசைமேல் இருக்கும் கணிப்பொறியும் ஒருங்கே நனையும். ஒரே வீட்டில் வைத்த மூன்று படிகள் ஒரு படிக்குச் சமம்.

மாணவச் செல்வங்களே! உங்கள் ஊரிலும் பழைய மதகு ஒன்று, ஐயனார் கோயில் மண்குதிரை ஒன்று, பாட்டனார் எழுதிய கணக்கேடு ஒன்று இருக்கும். அவை உங்கள் பேரப்பிள்ளைகள் காணும் வரையில் நிலைத்திருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. இந்த விடுமுறையில் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கருவியில் மூலக்கோப்பு என்னும் தெரிவை அமைத்துப் படம் எடுங்கள். எடுத்த நாளையும் இடத்தையும் பொருளையும் உடனே குறித்து வையுங்கள். மூலத்தைத் தொடாமல் காத்து, இழப்பற்ற டி.என்.ஜி. ஒன்றும் 16 பிட் டிஃப் ஒன்றும் ஆக்குங்கள். நண்பருக்குக் காட்ட ஜேபெக் ஒன்று வடித்துக்கொள்ளுங்கள். விதைநெல்லைக் குற்றி உண்பவன் அடுத்த போகத்தில் பிறரிடம் கையேந்துவான். அதனைக் காப்பவன், தான் அறியாத ஒருவனுக்கும் சோறிடுகிறான்.